நீலக் கதவு வீட்டு ஒன்பது பேர்

எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் என்னைப் போட்டவர்களுக்கு என் குணம் தெரியாது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். யாரைப் பார்த்தாலும் அவர்கள் நடையையும் பேச்சையும் பிடித்துக்கொண்டுபோய், டீச்சர்கள் தங்கியிருந்த விடுதியில் நடித்துக் காட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. முகத்தை மட்டும் பரம சாதுவாக வைத்துக்கொள்ளத் தெரியும். அந்த முகத்தை நம்பித்தான் போதகர் என் பெயரைக் கமிட்டியில் எழுதினார்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் திருநெல்வேலி, நாகர்கோயில் பக்கத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் மதுரைக்கு வந்துகொண்டிருந்த காலம். வருகிறவர்கள் இரண்டு ஞாயிறு எங்கள் ஆராதனையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மூன்றாம் ஞாயிறு அந்தக் குடும்பம் ரயிலடிப் பக்கம் இருந்த இன்னொரு சபையில் இருக்கும். அங்கே வாசலிலேயே ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவர்களின் கையைப் பிடித்துக் குலுக்குகிறாராம். இது போதகர் காதுக்கு எட்டியதும், புதியவர்களை வீடு தேடிப்போய்ப் பார்த்து அழைத்து வர இரண்டு பெண்களை நியமித்தார். ஒருத்தி நான். இன்னொருவர், சபைக் காரியங்களில் போதகருக்கு உதவியாக இருந்த டீக்கனாரின் மனைவி.

டீக்கனாரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சேலை, கையில் ஆண்பிள்ளைகள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை. கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு முழத்துக்கு அப்பால் இருப்பது மனிதரா தூணா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி எப்போதும் பைக்குள் அதன் பெட்டியில்தான் இருக்கும்; போட்டால் மூக்கு கறுத்துவிடுமாம். என்னைத் திருத்துவது தமக்குக் கர்த்தர் கொடுத்த ஊழியம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். என் ஜடை நீளம் என்பார்கள், ரவிக்கைக் கை குட்டை என்பார்கள், நான் சிரித்தால் நாலு தெருவுக்குக் கேட்கிறது என்பார்கள். ஒரு மாதம் கூடவே நடந்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வஞ்சம் சேர்ந்திருந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சில் தேவாலயத்துக்குக் 'கோயில்' என்றும் போதகருக்கு 'ஐயர்' என்றும்தான் பெயர். பழகிய வார்த்தைகள் என்பதால், வேறு காதில் அவை வேறு மாதிரி விழும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயிலில் மணியடிக்கிறவர் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நாகர்கோயில்காரர், மில்லில் கிளார்க், மகாலுக்குக் கிழக்கே இன்ன தெரு, நீலக் கதவு வீடு என்று எழுதியிருந்தது. குதிரை வண்டி பிடித்துப் போனோம். நூலுக்குச் சாயம் போடுகிறவர்களும் நெசவு செய்கிறவர்களும் நிறைந்த தெரு. வாசலுக்கு வாசல் சிவப்பும் மஞ்சளுமாக நூல் தொங்கியது. அந்தத் தெருவில் ஏழெட்டுக் கதவு நீலமாக இருந்தது.

"அக்கா, எந்த நீலம்னு போடலையே," என்றேன்.

"நல்ல நீலமாப் பாத்துத் தட்டு," என்றார்கள்.

நல்ல நீலமாக இருந்ததைத் தட்டினேன். கதவைத் திறந்தவருக்கும் ஐம்பது வயதுதான் இருக்கும். காதில் கடுக்கன், தோளில் சரிகைக் கரை போட்ட துண்டு, நெற்றியில் பளிச்சென்று நாமம். வீடு மாறிவிட்டது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் டீக்கனாரம்மா குடையை மடக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

"தோத்திரம். நாங்க கோயில்லருந்து வாரோம்."

அவர் உடனே தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "கோயில்லருந்தா? வாங்க வாங்க. உள்ள வாங்க."

கூடத்தில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்தார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஐந்து பிள்ளைகள். அவர்கள் தங்களுக்குள் சடசடவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். சௌராஷ்டிரர் வீடு, வீட்டில் அவர்கள் பாஷைதான். என் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு, அதனால் எனக்குத் தெரியும். டீக்கனாரம்மா என் காதருகே குனிந்தார்கள்.

"நாகர்கோயில் தமிழு. மலையாளம் கலந்து இப்படித்தான் இருக்கும்."

நான் தலையாட்டினேன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட பெரிய பெருமாள் படம், கீழே விளக்கு. டீக்கனாரம்மா கண்ணைச் சுருக்கி அந்த வெளிச்சத்தையே பார்த்தார்கள்.

"முன்னால குடியிருந்தவுக விட்டுட்டுப் போன படம் போல," என்று மறுபடியும் காதில் சொன்னார்கள். "இன்னும் சாமானெல்லாம் ஒதுங்க வைக்கலை, பாவம்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, இது வேற வீடு, எந்திரிங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அன்று காலையில்தான் என் ரவிக்கைக் கையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசியிருந்தார்கள். போதாததற்கு, உள்ளே காப்பி கொதிக்கும் வாசனையும் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "எந்தக் கோயில்லருந்துன்னு சொல்லலையே?"

"நம்ம கோயில்தான்."

"நம்ம கோயில்" என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயருதான் அனுப்பிச்சாரு," என்றார்கள் டீக்கனாரம்மா. "புதுசா வந்திருக்கீங்க, போயிப் பாத்துட்டு வாங்கன்னாரு."

"புதுசாவா?" அவர் தம்பியைப் பார்த்தார். "நாங்க இங்க வந்து மகால் கட்டுன காலம் இருக்குமேங்க."

டீக்கனாரம்மா சிரித்தார்கள். "ஆமா, இந்த ஊரு வெயிலுக்கு மூணு மாசம் இருந்தா முந்நூறு வருசம் இருந்தாப்லதான் இருக்கும்."

அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். பித்தளை டம்ளரில் காப்பி வந்தது. அப்படி ஒரு காப்பியை எங்கள் விடுதியில் ஏழு வருஷம் தவம் கிடந்தாலும் பார்க்க முடியாது. நான் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அம்புட்டுப் பேரும் வந்துரணும்," என்றார்கள் டீக்கனாரம்மா.

"என்னங்க விசேஷம்?"

"தனியா விசேஷம்னு என்ன, வாராவாரம் உண்டு. பாட்டு இருக்கும், பிரசங்கம் இருக்கும்."

"பாட்டும் உண்டா? அப்பச் சரி, வாரோம். எந்தப் பக்கமா வரணும்?"

டீக்கனாரம்மா வழி சொன்னார்கள். மேற்கே போனால் சிவப்புக் கட்டடம், மேலே மணிக்கூண்டு, வாசலில் இரண்டு வேப்பமரம். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணில் ஏதோ ஒன்று பட்டென்று மாறியது. எந்தக் கோயில், எந்த ஐயர் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்துத் தங்கள் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டன. அவர் மட்டும் கொஞ்சமும் அசையாமல் சொன்னார்.

"வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கீங்க. நானும் வாரோம்னு சொல்லிட்டேன். வாரோம்."

கிளம்பும்போது அந்த அம்மாள் தட்டு கொண்டுவந்து நீட்டினார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் குங்குமச் சிமிழ். டீக்கனாரம்மாவின் கை தட்டுக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, வாரோம்," என்று நடந்தார்கள். வண்டியில் வழியெல்லாம் குடைப் பிடியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தேன். கோயில் வளாகத்துக்குள் போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். வண்டி நின்றதும் அவர்கள் நேரே போதகர் வீட்டுக்குள் போனார்கள்.

"ஒம்பது பேரு வாராங்க, ஐயா. நல்ல மரியாதையான குடும்பம்."

போதகர் எங்கள் சபைக்கு வருமுன் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்தவர். அங்கே ஒரு தெருவே சேர்ந்தாற்போல வந்து மரத்தடியில் உட்காருமாம். மதுரைக்கு வந்தபின் ஒரே நேரத்தில் ஒன்பது பேரை அவர் கண்டதில்லை. பூரித்துப்போய், முன் பெஞ்சுகள் இரண்டைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டார். அதில் ஒன்று ஓய்வுபெற்ற ஒரு பள்ளி இன்ஸ்பெக்டர் பதினைந்து வருஷமாக உட்கார்ந்த பெஞ்சு. அதை அவரிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் செய்ததற்கு முதல் தண்டனை அது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் மூன்று குதிரை வண்டிகள் வந்து நின்றன. ஒன்பது பேரும் பட்டில் வந்திருந்தார்கள். ஆண்களுக்குப் பளபளவென்று நாமம், பெண்கள் தலை நிறைய மல்லிகை. வீட்டுக்காரர் கையில் பெரிய தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை. கோயிலுக்கு வெறுங்கையோடு வருவது அவர்கள் பழக்கமில்லை. வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

டீக்கனாரம்மா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். ராணிக்கு உள்ள நடை. "வாங்க, வாங்க. சொன்னபடி வந்துட்டீங்க," என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்து அழைத்துவந்து, பெண்களைப் பெண்கள் பக்கத்திலும் ஆண்களை ஆண்கள் பக்கத்திலும் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மூன்றாவது பெஞ்சிலிருந்து நாமம் போட்டவரின் பின்தலையை முறைத்துக்கொண்டிருந்தார்.

போதகர் உள்ளே வந்து பார்த்ததும் நின்றுவிட்டார். முதல் நாள் கேட்டது நாகர்கோயில் கிளார்க் குடும்பத்தைப் பற்றி. எதிரே இருப்பது வேறு. தாம்பாளம் அவரிடம் நீட்டப்பட்டது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை ஏந்திக்கொண்டு அவர் அப்படியும் இப்படியும் திரும்பியதை நான் இப்போதும் நடித்துக் காட்டுவேன். கடைசியில், "அறுப்பின் பண்டிகைக்கு வைக்கிற இடத்துலயே வைங்க," என்று டீக்கனாரிடம் தள்ளிவிட்டார். அறுப்பின் பண்டிகைக்கு எங்களவர்களும் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுவந்து வைப்பதுண்டு என்பதால், கூட்டம் அதை ஒருவாறு ஏற்றுக்கொண்டது.

ஆராதனை நடந்தது. நாங்கள் எழுந்தால் அவர்களும் எழுந்தார்கள், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள், எல்லாம் ஒரு நொடி தாமதமாக. கீர்த்தனை தொடங்கியதும் வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எங்கள் பாடகர் குழு வழக்கமாகத் தாளம் விடும் இடத்தில் அவர் விடவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கீர்த்தனை ஒழுங்காக முடிந்தது.

பிரசங்கம் முடிந்து போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் வழக்கமான வார்த்தையையே சொன்னார். "நம்முடைய சபைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம்."

ஒன்பது பேரும் எழுந்தார்கள். அதே நேரத்தில் பின்னால், கதவோரத்துத் தூணுக்குப் பக்கத்திலும் யாரோ எழுந்திருக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தோம். ஒரு மெலிந்த மனிதர், எதிர்ப்பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை.

போதகர் முன்னாலும் பின்னாலும் மாறிமாறிப் பார்த்தார். நீலக் கதவு வீட்டுக்காரர், தம்மைத்தான் பேசச் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நாங்க ஊருக்குப் புதுசு இல்லீங்க. இந்த அம்மாவும் டீச்சரும் நேத்து வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க. வாரோம்னு வாக்குக் குடுத்துட்டேன். வராம இருந்தா நல்லாயிருக்காது, அதான் வந்தோம். பாட்டு ரொம்ப நல்லாயிருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திப் பின்னால் கைகாட்டினார். "புதுசுன்னா அந்தா நிக்காரே, அவருதான் புதுசு. எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. நாகர்கோயில். மில்லுல வேலை. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இருக்காங்க, ஊருல தெரிஞ்ச சனம் யாரும் இல்ல. அவரையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் இல்லை, இதை எத்தனையோ பேரிடம் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. அந்தச் சிரிப்பு ஆண்கள் பக்கம் போய், போதகர் வரைக்கும் ஏறியது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார்.

ஆராதனை முடிந்ததும் நான் நேரே தூணுக்கு ஓடினேன். "உங்களைத் தேடித்தான் நேத்து வந்தோம். வீடு மாறிப்போச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா?"

கிளார்க் சங்கடமாகச் சிரித்தார். "மூணு வாரமா வாறோம்லா. இந்தத் தூணுகிட்டதான் இருப்போம்."

அவர் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் ரயிலடிப் பக்கத்துக் கோயிலுக்குப் போலாம்னு பேசிட்டிருந்தோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வாரமும் நான் நாலாவது வரிசையில்தான் இருந்தேன். ஊரார் நடையெல்லாம் கவனித்த எனக்கு, ஒரு குழந்தையோடு தூணோரம் உட்கார்ந்திருந்தவள் கண்ணில் படவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் நீலக் கதவு வீட்டின் கடைசிப் பெண், ஐந்து வயதிருக்கும், டீக்கனாரம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "பிரசாதம் எப்பத் தருவாங்க?"

டீக்கனாரம்மா உள்ளே போய், அந்த வீட்டார் கொண்டுவந்த தாம்பாளத்திலிருந்தே ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிய்த்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வண்டிகள் கிளம்பியதும் நான் டீக்கனாரம்மா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, எனக்கு நேத்தே தெரியும். அந்த நாமத்தைப் பாத்ததுமே தெரியும். சொல்லாம விட்டது தப்புத்தான்."

அவர்கள் குடையை விரித்தார்கள். "எனக்கும் தெரியும். தட்டுல குங்குமத்தைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. அதுக்குள்ள கூப்பிட்டாச்சு. கூப்பிட்டுட்டு வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"அப்ப ஐயாகிட்ட ஏன் சொல்லலை?"

"நீ எப்பச் சொல்றேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வண்டியில முந்தானையக் கடிச்சியே, அது எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிஞ்சுச்சு." இரண்டடி நடந்து திரும்பினார்கள். "அந்த இன்ஸ்பெக்டர் மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, நாலு தெருவுக்குக் கேட்கும்படி சிரித்தார்கள்.

கமிட்டி கூடியது. எங்கள் இருவரையும் நீக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நீக்கவில்லை, கிளார்க்கின் மனைவியை மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். அவள் புதியவர்களைத் தேடித் தெருத்தெருவாக அலையமாட்டாள். ஞாயிறுதோறும் கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் தூண்களுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பாள். ஒவ்வொரு மாதமும் ஒரு குடும்பத்தையாவது அங்கேயிருந்து முன்னால் அழைத்து வருவாள்.

தை மாதம் நீலக் கதவு வீட்டில் கல்யாணம், மூத்த பெண்ணுக்கு. வீட்டுக்காரர் தம்பியோடு கோயில் வளாகத்துக்கே வந்து, போதகர் கையில் பத்திரிகையைக் கொடுத்து, "அம்புட்டுப் பேரும் வரணும்," என்றார். போகலாமா கூடாதா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாதம் நடந்தது. தாலி கட்டும் சடங்குக்கு நிற்க வேண்டாம், சாப்பாட்டுக்குப் போகலாம் என்று போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருபது பேர் போனோம். எங்களுக்குத் தனிப் பந்தி. அதற்கு எங்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று எங்கள் கோயிலிலேயே அத்தனை சண்டை இருந்ததால், மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

புளியோதரை வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் பந்தியோரம் நின்று, வெள்ளைச் சேலையும் பொட்டில்லாத நெற்றியுமாக உட்கார்ந்திருந்த எங்களைக் காட்டி, "இவுக யாரு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு வழி தப்பி வந்தவுக," என்றார் அவர். "இப்ப வழி தெரிஞ்சு வந்திருக்காக. அந்த அம்மாவுக்கு இன்னுங் கொஞ்சம் புளியோதரை போடச் சொல்லுங்க."

டீக்கனாரம்மா பையிலிருந்த பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இலையைக் குனிந்து பார்த்தார்கள். "இதுல என்ன பொடி போடுறாங்கன்னு கேட்டு வையி," என்று என்னிடம் சொன்னார்கள்.